அவையும் ஏடும்

அவையில் சொன்னது காற்றோடு போகும், ஏட்டில் எழுதியது காலத்தோடு நிற்கும் என்பர். ஆயினும் எழுதியவையெல்லாம் நின்றுவிடுவதில்லை. துறையறிந்த சான்றோர் வினாவிய வினாக்களுக்கு விடையிறுத்து நின்ற எழுத்தே நிலைக்கிறது. மூவாரைச் சார்ந்த இளைஞர் ஒருவர் கணினித் துறையில் இவ்வுண்மையைக் கற்றுக்கொண்ட வரலாறு, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரத்தக்கது.

அவர் மூவாரை அடுத்த தோட்டமொன்றில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, பல்கலைக்கழகம் புகுந்து, விரிவுரையாளராய் உயர்ந்தவர். கையால் எழுதிய தமிழைக் கணினி படித்தறியுமாறு செய்வதே அவர் மேற்கொண்ட ஆய்வு. தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பயிற்சி ஏடுகளைப் பெற்றோர் இசைவுடன் படமெடுத்து, அவற்றைக் கொண்டே கணினியைப் பழக்கினார். துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறிவதும், மாணவர் வைக்க மறந்த புள்ளியை உய்த்துணர்வதும் எளிய செயல்களல்ல. அவர் வரைந்த ஆறு பக்கக் கட்டுரையைப் பன்னாட்டு மாநாடொன்று ஏற்றுக்கொண்டது. அவையினரும் பாராட்டினர்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பணி உறுதி பெற வேண்டுமாயின் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். மாநாட்டுக் கட்டுரை கணக்கில் சேராது என்று மேலிடம் அறிவித்துவிட்டது.

இச்சிக்கல் கணினித் துறைக்கே சிறப்பாக உரியது எனலாம். இலண்டனில் 1665ஆம் ஆண்டில் என்றி ஓல்டன்பர்க் தொடங்கிய அறிவியல் இதழின் வழிவந்த பழந்துறைகளில், மாநாட்டு உரை முன்னோட்டமாகவே மதிக்கப்படும். முடிந்த முடிபு ஆய்விதழில் வரும். கணினித் துறையோ விரைந்து வளர்வது. ஆய்விதழின் தீர்ப்புக்காக ஓராண்டு காத்திருப்பதற்குள் ஒரு கருத்து பழையதாகிவிடவும் கூடும். ஆதலின் அத்துறையினர் மாநாட்டுக் கட்டுரைகளையே முழுமையாக மதிப்பிட்டு, வந்தவற்றுள் சிலவற்றை மட்டும் ஏற்கும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டனர். இன்றைய மொழிக் கணினிகளுக்கெல்லாம் அடிப்படையாய் அமைந்த கட்டுரையொன்று 2017ஆம் ஆண்டில் மாநாட்டிலேயே வெளிவந்தது. ஆகவே, மாநாட்டுக் கட்டுரை தாழ்ந்தது என்று கூறுவது பொருந்தாது.

ஆயினும் மாநாட்டுக்கு ஒரு குறை உண்டு. பக்கம் குறைவு, காலமும் குறைவு. ஏற்பதா மறுப்பதா என்பதை ஒரே தடவையில் முடிவு செய்தாக வேண்டும். ஆய்விதழிலோ மதிப்பீட்டாளர் வினா எழுப்புவர், ஆசிரியர் திருத்துவார், மீண்டும் வினா எழும். மாநாட்டில் கூற இடமில்லாத சான்றுகளையும் தோல்விகளையும் அங்கே விரித்துரைக்கலாம். ஆனால் பழைய கட்டுரையைத் தலைப்பு மட்டும் மாற்றி அனுப்புதல் தகாது. முன்னர் வெளியானதை மறைக்காமல் சொல்ல வேண்டும். புதுப் பொருளும் சேர்க்க வேண்டும். பல ஆய்விதழ்கள் குறைந்தது 25 அல்லது 30 விழுக்காடு புதியதாக இருக்க வேண்டும் என விதித்துள்ளன.

இவ்வாறு கலங்கியிருந்த வேளையில் இளைஞருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டணம் செலுத்தினால் மூன்று நாளில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் இதழ் ஆசை காட்டியது. பணி நிலைக்க வேண்டும் என்னும் ஏக்கம் ஒருபுறம். உள்ளத்தின் உறுத்தல் மறுபுறம். தீபாவளி விடுமுறையில் ஊர் திரும்பியவர், தமக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியரை மூவார் ஆற்றங்கரையில் கண்டு நிலைமையை எடுத்துரைத்தார்.

“மூன்று நாளில் யார் படித்துப் பார்ப்பார், தம்பி?” என்று வினவினார் ஆசிரியர்.

“யாரும் படிக்கமாட்டார்கள், ஐயா,” என்றார் இளைஞர், தலை குனிந்தவாறே.

ஆசிரியர் தொல்காப்பிய அரங்கேற்றத்தை நினைவூட்டினார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியது என்று பனம்பாரனார் பாயிரம் கூறும். அந்நூலைக் கேளாதே என்று அகத்தியர் அதங்கோட்டாசானைத் தடுத்ததாகவும், ஆசான் குற்றம் கூறும் நோக்குடனே கேட்டதாகவும், தொல்காப்பியர் எல்லாக் கடாவுக்கும் விடை கூறியதாகவும் நச்சினார்க்கினியர் உரைப்பர். “குற்றம் காண வந்தவரும் குற்றம் காணாமல் போன நூல் அது, தம்பி. கேளாமலே தலையசைக்கும் ஆசான் உனக்கு எதற்கு?” என்றார்.

இளைஞர் அம்மின்னஞ்சலுக்கு விடை எழுதவில்லை. மேலும் சில பள்ளிகளின் ஏடுகளைத் திரட்டிக் கட்டுரையை விரித்து, மாநாட்டில் வந்ததை முதற்பக்கத்திலேயே குறித்து, தக்கதோர் ஆய்விதழுக்கு அனுப்பினார். சில திங்கள் கழித்து மதிப்பீட்டாளரின் வினாக்கள் வந்தன. அவற்றுள் ஒன்று அவரை நிலைகுலையச் செய்தது. “கணினியைப் பழக்கிய பக்கங்களையும் சோதித்த பக்கங்களையும் ஒரே மாணவர் எழுதியிருக்கக்கூடுமோ?” என்பதே அவ்வினா.

ஆம், அவ்வாறே நிகழ்ந்திருந்தது. பக்கங்களைக் கலைத்துப் பிரித்தாரேயன்றி, மாணவரைப் பிரித்தாரில்லை. கணினி எழுத்தை மட்டுமின்றி, எழுதிய கையையும் பழகியிருந்தது. தேர்வில் வரும் வினாவை முன்னரே கண்ட மாணவன் பெறும் மதிப்பெண் போன்றதே அதன் வெற்றி. மாநாட்டில் எவரும் கேளாத வினா இது. அவர் மாணவர்களைத் தனித்தனியே பிரித்து மீண்டும் சோதித்தார். வெற்றி விழுக்காடு வெகுவாகக் குறைந்தது. குறைந்த எண்ணையே கட்டுரையில் எழுதினார். முதற்கட்டுரையின் பிழையையும் ஒப்புக்கொண்டார். இரண்டாம் சுற்றில் ஆய்விதழ் அக்கட்டுரையை ஏற்றது. பணி உறுதிக்கான காலவரம்போ அதற்குள் கடந்திருந்தது. மேலும் ஓராண்டு அவர் ஒப்பந்த ஊழியராகவே இருக்க நேர்ந்தது. அதற்காக அவர் வருந்தினாரேயன்றி, தம் செயலுக்காக வருந்தவில்லை.

தமிழுலகம் மாநாடுகளுக்குப் பெரிதும் கடன்பட்டது. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அதன் கட்டுரைகள் 1968, 1969ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சேறியமையால் இன்றும் பயன்படுகின்றன. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும், 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மாநாடும் தமிழ்க் கணிமைக்கு வழி வகுத்தன; தமிழ் 99 விசைப்பலகை சென்னை மாநாட்டின் பயனே. எனினும், மாலையும் பொன்னாடையும் வாடியபின், மலரோடு அலமாரியில் உறங்கும் கட்டுரைகளும் பலவாம். அவற்றை மீண்டும் எடுத்து, விரித்து, வினாவுக்கு உட்படுத்துவார் மிகச் சிலரே.

கைதட்டல் தேவையே; அது தொடங்கியவனுக்கு ஊக்கம் தரும். ஆனால் திருத்தும் கையும் தேவை. மாணவர் ஏட்டில் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர் அம்மாணவனுக்குப் பகைவர் அல்லர். அவ்விளைஞர் இப்பொழுது தம் மாணவர்க்கு முதலில் காட்டுவது அச்சேறிய கட்டுரையையன்று. பெயர் அறியா மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதிய அவ்வொற்றை வினாவையே.