உறையே கைத்திறன்

தசரா தொடங்கிவிட்டால் ஹைதராபாத் கச்சிபௌலியின் இனிப்புக் கடைகளில் பரிசுப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்படுகின்றன. மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தீபாவளிப் பரிசு வாங்கும் பருவம் இது. மூடியில் காந்தம், மேலே பொன்னிற அச்சு, உள்ளே பட்டுபோன்ற துணி என்று பெட்டி மாற மாற விலையும் ஏறுகிறது. அந்த அடுக்குகளில் நான் தேடிப் பார்த்தது ஆத்ரேயபுரம் பூதரேகுலு. தெலுங்கில் 'பூத' என்றால் பூச்சு, 'ரேகு' என்றால் மெல்லிய தகடு. ஆந்திரத்தின் கோனசீமாவிலிருந்து வரும் இனிப்பு இது. நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் கடையின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இருந்தது. தகட்டை வார்த்தவரின் பெயர் எதிலும் இல்லை. இந்த இனிப்பைப் பொறுத்தவரை அது சிறு விடுபடல் அன்று என்பதே என் வாதம்.

காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. ஊறவைத்த அரிசியை நைய அரைத்து நீர்க்கக் கரைக்கிறார்கள். வழவழப்பாகப் பதப்படுத்திய மண்பானையை அடுப்பில் கவிழ்த்து, அடியில் காய்ந்த தென்னோலையால் தீ மூட்டுகிறார்கள். மெல்லிய துணியை மாவில் நனைத்து, இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, பானையின் முதுகில் ஒரே இழுப்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் வெங்காயச் சருகுபோல் ஒரு தகடு எழும்பும். கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். தீ கூடினால் கருகும், குறைந்தால் ஒட்டும். பிறகுதான் நெய்யும் சர்க்கரையும் அல்லது வெல்லமும் தூவி மடிப்பது. நெய், சர்க்கரை, முந்திரி எல்லாம் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். கிடைக்காதது அந்தத் தகடு. மற்ற இனிப்புகளில் உறை என்பது உள்ளே இருப்பதைக் காக்கும் பொருள். இங்கே உறையே கைத்திறன். அதை வார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு அடுப்பின் வெக்கையிலும் புகையிலும் மணிக்கணக்காக உட்கார்ந்து வார்க்கிறார்கள். அப்படி வார்த்த உறைக்கு மேலே போர்த்தப்படும் அட்டை உறை மதிப்பைத் தனதாக்கிக்கொள்வது எப்படி நியாயம்?

பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொட்டால் நொறுங்கும் பண்டத்தைக் கோதாவரிக் கரையிலிருந்து ஹைதராபாதுக்குக் கொண்டுவர உறுதியான பெட்டி தேவை. உடையாமல் காப்பதற்கான செலவு நியாயமானது. ஆனால் காந்தத்துக்கும் பொன்னிறத்துக்கும் ஆகும் செலவு தகட்டைக் காப்பதில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: ஆத்ரேயபுரம் பூதரேகுலுவுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, அந்தக் காப்பு போதாதா? அதற்கு விண்ணப்பித்த தயாரிப்பாளர் சங்கம் சர் ஆர்தர் காட்டனின் பெயரைத் தாங்கியது. கொள்ளிடத்தில் மேலணை கட்டியவராக நாம் அறிந்த அதே காட்டன், 1852இல் தவளேஸ்வரம் அணையை முடித்துக் கோதாவரிக் கழிமுகத்தை நெல்வயலாக்கினார். மண்ணுக்கும் பண்டத்துக்கும் உள்ள உறவை அந்தக் குறியீடு சரியாகவே பதிவு செய்கிறது. ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 'உற்பத்தியாளர்' என்பதற்குத் தரும் வரையறையில் செய்பவரோடு வணிகரும் அடங்குகிறார். எனவே ஊர்ப்பெயர் பெறும் கூடுதல் விலை அடுப்படிவரை போய்ச் சேரும் என்பதற்குச் சட்டத்தில் உறுதி இல்லை.

பெயரை அச்சிட்டால் மட்டும் கூலி உயர்ந்துவிடுமா என்பது மூன்றாவது கேள்வி. தானாக உயராது. ஆனால் கணக்கில் வராத உழைப்புக்குப் பேரம் பேச யாராலும் முடியாது. கடைகள் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் 'எந்த நாளுக்குள் உண்பது நல்லது' என்று தட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் வந்தது. ஒரு தேதியை எழுத முடிந்த இடத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் உண்டு: எத்தனை தகடுகள், எந்த நாளில் வார்த்தவை, வார்த்தவர் யார். தனிப்பெயர் வேண்டாம் என்பவர்களுக்குக் குழுவின் பெயர் போதும். மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் இந்த வரியைக் கேட்டால் கடைகள் எழுதும். தகட்டின் எண்ணிக்கை எழுதப்பட்டால் ஒரு தகட்டுக்கு என்ன கூலி என்ற கேள்வியும் எழும். பரிசு பெற்றவர் பெட்டியைப் பிரித்து எறிவார், காகிதத்தைக் கசக்குவார். அவர் வாயில் கரைவது ஒரு பெண் தீயின் முன்னே குனிந்து வார்த்த தகடு. அவளுடைய பெயரைத் தெரிந்துகொண்டு உண்பதே அந்தப் பரிசுக்குச் செய்யும் மரியாதை.