ஒரே துப்பாக்கி, மூன்று அவதாரம்

தென்காசிப் பக்கம் துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே வாஞ்சிநாதன் பெயர்தான் முதலில் வரும். செங்கோட்டைக்காரர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் வெள்ளைக்காரன் தன்னுடைய போலீஸ்காரன் கையில் என்ன துப்பாக்கி கொடுத்தான் தெரியுமா? அது இன்னும் சுவாரஸ்யம்!

பழைய சினிமாவில் போலீஸ் தோளில் மாட்டிக்கொண்டு வருமே, ".303" என்கிற லீ-என்ஃபீல்டு, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதன் உயிர் இரண்டு பாகத்தில் இருக்கிறது. ஒன்று போல்ட். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரிதான்: தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கினால் தோட்டா உள்ளே பூட்டிக்கொள்ளும். இன்னொன்று ரிசீவர், அந்தத் தாழ்ப்பாள் ஓடுகிற இரும்புக்கூடு. தோட்டா வெடிக்கும்போது வருகிற அழுத்தத்தை இந்த இரண்டும்தான் தாங்க வேண்டும்.

கல்கத்தா பக்கத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. அங்கே இந்த .303-ஐ எடுத்து, குழலைக் குடைந்து வழவழப்பாக்கி, .410 மஸ்கட் என்று ஒன்று செய்தார்கள். ரிசீவருக்குக் கீழே பத்துத் தோட்டா பிடிக்கிற இடத்தை ஒரு மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான்! தோட்டா ஓடு .303 ஓட்டிலிருந்தே செய்தது, அடி விளிம்பு அதே அளவு. அதனால் போல்ட்டைப் பெரிதாகத் தொட வேண்டியிருக்கவில்லை. போலீஸுக்கும் ஜெயில் காவலுக்கும் இதுதான். திருடு போனாலும், ராணுவத் தோட்டாவைப் போட்டு ஒழுங்காகக் குறிபார்த்துச் சுட முடியாது. சம்பளம் கொடுத்து வைத்த ஆளையே நம்பவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம்ம ஊருக்கு இந்தப் பயம் புதுசு இல்லை. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று ஆயுதங்களுக்கே தடை போட்டவர் சென்னை கவர்னர் கிளைவ் (பாடப்புத்தகத்து ராபர்ட் கிளைவ் இல்லை, அவர் மகன் எட்வர்ட்). பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இன்றைய தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது அவதாரம் லைசென்ஸ்காரர்களுக்கு. ராணுவத் தோட்டா பொதுஜனத்துக்குக் கூடாது என்பதால், அதே லீ-என்ஃபீல்டு போல்ட் அமைப்பில் .315 வந்தது. வேட்டைத் துப்பாக்கி. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் குற்றால மலையில் அதற்கு வேலை இல்லை.

மூன்றாவதுதான் நிஜமான கைவேலை. 1962 சீனப் போரில் அடிபட்டபின் புது 7.62 தோட்டாவுக்கு அவசரமாகத் துப்பாக்கி தேவை. புது டிசைனுக்குப் புது மெஷின் வாங்காமல், பழைய அச்சிலேயே ரிசீவரை மட்டும் உறுதியான ஸ்டீலில் செய்தார்கள். புதுத் தோட்டாவுக்கு வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது. அதனால் போல்ட் முனையில் ஓட்டைக் கவ்வி இழுக்கிற கொக்கியையும், தோட்டாப் பெட்டியையும் மாற்றினார்கள். அதுதான் 2ஏ, அப்புறம் 2ஏ1. உலகம் தானியங்கிக்குப் போய்விட்ட காலத்தில் செய்தது என்று சிரிப்பவர்கள் உண்டு. செலவுக் கணக்கு பார்க்கத் தெரிந்த காமர்ஸ்காரர்கள் சிரிக்க மாட்டார்கள் :-)

ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் ஏ.கே. 47-க்கு எதிரே நின்ற போலீஸ்காரர்களிடம் இருந்தது .303-தான். ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளைத் திறந்து மூட வேண்டும். அதற்குப் பிறகும் உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுக்க 2020 குடியரசு தினம் வரை ஆனது.

ஒரு விஷயம். லேத் பட்டறையில் போல்ட் கடைந்துவிடலாமே என்று யாருக்காவது தோன்றினால்... 1959 ஆயுதச் சட்டத்தின் 5, 6-ஆம் பிரிவுகளைப் படித்துவிடவும். துப்பாக்கியை மாற்றியமைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். வைத்திருக்கிற லைசென்ஸ் அதற்கு உதவாது.