கரை சேரும் முன்

குடும்பத்தோடு கடல் கடந்து செல்வது இன்று எளிது. ஓரிரவு உறங்கி எழுவதற்குள் வானூர்தி வேற்று நாட்டில் இறக்கிவிடுகிறது. அப்பயணத்திலும் பெட்டி மாறிப்போவதுண்டு; வானூர்தி காலந்தாழ்வதுண்டு; பெயரில் உள்ள ஓரெழுத்துப் பிழையால் நெடுநேரம் நிற்க நேர்வதுமுண்டு. கப்பலையே நம்பியிருந்த காலத்திலோ இடையூறுகள் வாரக்கணக்கில் நீண்டன. காந்தியடிகள் தம் மனைவி மக்களுடன் முதன்முதலாக மேற்கொண்ட கடற்பயணம் அத்தகையது.

1896ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், கூர்லண்டு என்னும் நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து தென்னாப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. அங்கு வழக்கறிஞராகப் பணியாற்றிவந்த காந்தியடிகள், மனைவி கஸ்தூரிபா, மைந்தர் இருவர், தமக்கையின் ஒரே மகன் ஆகியோருடன் அதில் ஏறினார். கப்பலின் உரிமையாளர் தாதா அப்துல்லா நண்பராதலால், குடும்பத்தாருக்குக் கட்டணம் வாங்கவில்லை.

முதல் இடர் கடலிலிருந்து வரவில்லை, காலணியிலிருந்து வந்தது. அயல்நாட்டில் மதிப்புப் பெற நாகரிகத் தோற்றம் வேண்டும் என்று காந்தியடிகள் அந்நாளில் எண்ணினார். அதனால் கஸ்தூரிபா பார்சிப் பெண்களைப்போலப் புடவை அணிந்தார். சிறுவர்கள் பார்சி மேற்சட்டையும் கால்சட்டையும் அணிந்தனர். எல்லாரும் காலணியும் காலுறையும் அணிய வேண்டியதாயிற்று. பழக்கமில்லாத காலணி பாதத்தை இறுக்கியது, காலுறை வியர்வையால் நாறியது, விரல்கள் புண்ணாயின. கையால் உண்டு பழகியவர்கள் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றனர். இப்பகட்டைக் களைந்த பின்னரே மனம் விடுதலை பெற்றது எனக் காந்தியடிகள் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் எழுதினார்.

நேட்டால் துறைமுகத்தை அடைய நான்கு நாள் இருக்கையில் பெரும்புயல் வீசியது. கப்பல் உருண்டு புரண்டது. எந்த நொடியில் பிளந்துவிடுமோ என்று பயணிகள் நடுங்கினர். இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் வேற்றுமை மறந்து ஒரே இறைவனை வேண்டினர். கடல்நோய்க்கு ஆளாகாத காந்தியடிகள், கப்பல் தலைவர் கூறிய செய்தியை மணிக்கொருமுறை பயணிகளிடம் சொல்லி ஆறுதல் அளித்தார். ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தபின் வானம் தெளிந்தது. அச்சம் நீங்கியதும் பழைய ஆரவாரமும் கேளிக்கையும் திரும்பின.

டிசம்பர் 18ஆம் நாள் கப்பல் டர்பனை அடைந்தது. ஆனால், எவரும் இறங்க இயலவில்லை. பம்பாயில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்ததால், கூர்லண்டும் அதனுடன் வந்த நாதேரி என்னும் கப்பலும் தனிமையில் நிறுத்தப்பட்டன. நோயச்சம் மட்டுமே காரணமன்று. இந்தியர் வந்து இறங்குவதை எதிர்த்த வெள்ளையர் நாள்தோறும் கூட்டம் கூட்டினர். திரும்பிச் செல்வோருக்குப் பயணக் கட்டணம் தரப்படும் என்றனர். மறுத்தால் கடலில் தள்ளப்படுவர் என்றும் மிரட்டினர். இரு கப்பல்களிலும் இருந்த ஏறக்குறைய எண்ணூறு பேரும் அஞ்சித் திரும்பவில்லை. கரை கண்ணுக்குத் தெரிந்தும் அதில் கால்வைக்க முடியாமல் மூன்று வாரங்களுக்கு மேல் காத்திருந்தனர். சோர்வு நீங்கப் பயணிகளுக்கு விளையாட்டுகள் நடத்தப்பட்டன. கிறித்துமசு நாளன்று கப்பல் தலைவர் காந்தியடிகளின் குடும்பத்தாரை விருந்துக்கு அழைத்தார். மிரட்டியவர்கள் சொன்னபடி செய்தால் என்ன செய்வீர் என்று அவர் வினவினார். அவர்களை மன்னிக்கும் துணிவை இறைவன் தருவான் என நம்புவதாகக் காந்தியடிகள் விடையளித்தார்.

1897ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் அச்சொல்லுக்குச் சோதனை வந்தது. கஸ்தூரிபாவும் சிறுவர்களும் வண்டியில் நண்பர் ருஸ்தம்ஜியின் இல்லத்திற்கு முன்னே அனுப்பப்பட்டனர். பின்னர் நடந்து சென்ற காந்தியடிகளைக் கூட்டம் சூழ்ந்து, கற்களையும் அழுகிய முட்டைகளையும் வீசித் தாக்கியது. அவ்வழியே வந்த காவல் கண்காணிப்பாளர் அலெக்சாண்டரின் மனைவி, தம் குடையை விரித்துக் கூட்டத்திற்கும் அவருக்கும் இடையே நின்று காத்தார். இரவில் கூட்டம் ருஸ்தம்ஜியின் வீட்டையும் முற்றுகையிட்டது. கண்காணிப்பாளர் அலெக்சாண்டர் பாட்டுப் பாடிக் கூட்டத்தின் கவனத்தைத் தம்பால் ஈர்த்துக்கொண்டார். உள்ளிருந்த குடும்பத்திற்குத் தீங்கு நேராதிருக்க, காந்தியடிகள் இந்தியக் காவலர் உடையில் வெளியேறினார். முதன்முறை கடல் கடந்து வந்த கஸ்தூரிபா, அறிமுகமற்ற ஊரில், கணவரைப் பிரிந்து, சிறுவர்களோடு அவ்வீட்டில் இருந்தார்.

தாக்கியோர்மீது வழக்குத் தொடருமாறு இலண்டனிலிருந்து குடியேற்றநாட்டு அமைச்சர் சேம்பர்லின் தந்தி அனுப்பினார். காந்தியடிகளோ, எவர்மீதும் வழக்கு வேண்டா என எழுதிக் கொடுத்துவிட்டார். கப்பலில் சொன்ன சொல் கரையிலும் மாறவில்லை.

பயணத்திற்கு உரியவற்றை நாம் பட்டியலிட்டு எடுத்து வைக்கிறோம். புயலையும் காத்திருப்பையும் பகையையும் எந்தப் பட்டியலாலும் தடுக்க இயலாது. அவை எதிர்ப்படும்போது கைகொடுப்பவை பொறுமையும் உடன் வருவோர்மீது கொண்ட அக்கறையும் ஆகும். மதிப்புத் தரும் என எண்ணி அக்குடும்பத்தார் அணிந்த காலணிகள் புண்ணையே தந்தன. பகைவரையும் பொறுத்த பண்பே அழியாத மதிப்பைத் தந்தது.