பிறைக்குள் ஓர் ஆப்பிள்

சோமாசியும் குஜியாவும் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த பேட்டை தில்லியின் கரோல் பாக். பழம் வைத்துச் சுடும் பலகாரத்துக்கு அங்கே பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அஜ்மல் கான் சாலை இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். இரும்பு ஷட்டர்கள் பாதிதான் உயர்ந்திருக்கும். சோலே பட்டூரே கடைகளில் மட்டும் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை சந்தைக்கு வார விடுமுறை என்பதால் ஞாயிறு மாலை கூட்டம் நெரியும். அதற்கு முந்தைய இந்த இரண்டு மணி நேரம்தான் கரோல் பாக் குடியிருப்பவர்களுக்குச் சொந்தம்.

தில்லியில் ஞாயிறு காலை உணவு என்பது பெரும்பாலும் 11 மணி சமாசாரம். காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் ஒரே வேளையாகிவிடும். இதற்குப் பிரஞ்ச் என்று பெயர். 1895-ல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஞாயிறுகளில் இப்படிச் சாப்பிடலாமே என்று ஒரு கட்டுரை எழுதினார். தேநீர், பழப்பாகு போன்றவற்றில் ஆரம்பித்துக் கனமானவற்றுக்குப் போகலாம் என்பது அவர் யோசனை. ஆக, பழம் இந்த வேளையின் பிறவித் தோழன். எண்ணெயில் பொரித்த பட்டூரேவுக்கு மாற்றாகப் பழம் பொதிந்த பேஸ்ட்ரியை வீட்டிலேயே சுடுவது இதனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கரோல் பாக் அப்படியே ஒரு கலவைப் பலகாரம்தான். புது தில்லி எழுந்தபோது அந்த நிலத்தில் இருந்த கிராமங்களின் மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். இங்குள்ள ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரியில் காந்திஜி திறந்து வைத்தார். அதை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைத்தான் கடைவீதி தாங்கி நிற்கிறது. 1947-ல் முஸ்லிம் குடும்பங்கள் பல பாகிஸ்தானுக்குப் போயின. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் அகதிகள் வந்தார்கள். இவர்களோடு, மத்திய அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வேலைக்கு வந்த தமிழர்கள் வாடகைக்கு அறை தேடி வந்தார்கள். கீழே பஞ்சாபி வீட்டுக்காரர், மாடி பர்சாத்தியில் கும்பகோணத்துக்காரர் என்பது பல காலம் இங்கே சகஜமான ஏற்பாடு. பூசா சாலையில் தில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, காபிப் பொடிக் கடை, கறிவேப்பிலையும் வாழைக்காயும் விற்கும் கடை எல்லாம் பின்னாலேயே வந்தன.

மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே தட்டுகள் போய்வந்தன. தீபாவளிக்கு மேலிருந்து இறங்கியது சோமாசி. உள்ளே தேங்காய், ரவை, பொட்டுக்கடலை, சர்க்கரை. ஹோலிக்குக் கீழிருந்து ஏறியது குஜியா. உள்ளே கோயா, உலர்ந்த திராட்சை. வடிவம் இரண்டுக்கும் ஒன்றே: மைதா வட்டம், பாதியாக மடிப்பு, மூடிய விளிம்பு, அரைப் பிறை. மராத்தியர் இதையே கரஞ்சி என்கிறார்கள், தெலுங்கர் கஜ்ஜிக்காயலு என்கிறார்கள். விளிம்பை மூடுவதில்தான் வித்தியாசம். தமிழ் வீட்டில் பல் வைத்த சக்கரமுள்ள சோமாசிக் கரண்டி. வடக்கத்தி வீட்டில் மடித்தால் மூடிக்கொள்ளும் சாஞ்சா என்ற அச்சு. இரண்டில் எது வீட்டில் இருந்தாலும் பழப் பேஸ்ட்ரிக்கு வேறு கருவி தேவையில்லை.

அப்படியானால் புதிதாகக் கற்க வேண்டியது என்ன? இரண்டே விஷயம். ஒன்று வெண்ணெய், மற்றது பழத்தின் நீர்.

சோமாசி மாவைக் கெட்டியாகப் பிசைந்து அடித்துப் பழகிய கைக்குப் பேஸ்ட்ரி மாவு ஒரு சோதனை. இதைப் பிசையக் கூடாது. பிசைந்தால் மாவில் இழுவை வந்து, சுட்டதும் தோல்போலாகிவிடும். குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் மாவில் கரையாமல் தங்க வேண்டும். அடுப்புச் சூட்டில் வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகி மாவின் படலங்களைத் தள்ளிப் பிரிக்கும். பொரபொரப்பின் ரகசியம் இதுதான். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும் சமாசாரம். அதற்கு முன்பே, 20 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும்.

இங்கேதான் தில்லி கைகொடுக்கிறது. சென்னையில் ஜனவரிப் பகலிலும் வெயில் 29 டிகிரியைத் தொடும். மாவைத் தேய்ப்பதற்குள் வெண்ணெய் வழியும். தில்லி ஜனவரியில் அதிகாலை 7 டிகிரி, பகலில் 20 டிகிரி என்பது சாதாரணம். கணப்பு இல்லாத கரோல் பாக் சமையலறையே ஒரு குளிர்பெட்டி. ஊறுகாய்க்கு வெயில் போதவில்லை, தோசை மாவு புளிக்கவில்லை என்று தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் திட்டிய அதே குளிர், பேஸ்ட்ரி மாவுக்கு வரப்பிரசாதம். மே, ஜூனில் கதை தலைகீழ். 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நகரில் மாவு ஐந்தே நிமிடத்தில் கையோடு ஒட்டும். கணக்குப் பார்த்தால் தில்லியின் பேஸ்ட்ரிப் பருவம் சுமாராகத் தீபாவளியில் தொடங்கி ஹோலியில் முடிகிறது. சோமாசியில் ஆரம்பம், குஜியாவில் முடிவு.

சங்கடம் என்னவென்றால், பேஸ்ட்ரிக்கு ருசியான பழங்களில் பல தப்பான காலத்தில் வருகின்றன. மலையிலிருந்து பீச், பிளம், ஆப்ரிகாட் எல்லாம் மே முதல் ஜூலைக்குள் வண்டிகளில் குவியும். அப்போது அவற்றைச் சர்க்கரையோடு கெட்டியாகக் காய்ச்சிப் பாட்டிலில் வைப்பதே புத்திசாலித்தனம். குளிர்காலத்துக்கு ஆப்பிள் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து சிம்லா மலையின் கோட்கரில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-ல் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். இமாசலத்தின் ஆப்பிள் வியாபாரம் அதிலிருந்து வளர்ந்தது. தில்லியின் ஆசாத்பூர் மண்டி வழியாக அது நாடெங்கும் போகிறது. ஆனால் சமைக்க சிவப்பைவிட மஞ்சள் நிற கோல்டன் நல்லது. புளிப்பு கொஞ்சம் கூடுதல், விலை பெரும்பாலும் குறைவு. பழைய தில்லி காரி பாவ்லியில் வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட்டை இரவில் ஊறவைத்துச் சேர்த்தால் புளிப்பும் மணமும் கூடும்.

பதினான்கு பிறைகளுக்கு அளவு இது. இரண்டு கப் மைதா, சுமார் 240 கிராம். வெண்ணெய் 120 கிராம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்தது. சிட்டிகை உப்பு. வெண்ணெயைத் துண்டுகளாக்கி விரல் நுனியால் மாவில் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூடே போதும் காரியத்தைக் கெடுக்க. பட்டாணி அளவுத் துணுக்குகள் மிஞ்சட்டும். ஐஸ் தண்ணீர் நான்கைந்து கரண்டி தெளித்து, ஒன்றாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். மூடி அரை மணி குளிரவிடலாம்.

பூரணத்துக்கு அரை கிலோ ஆப்பிள், நான்கு மேசைக் கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் பட்டைத் தூள். பொடியாக நறுக்கி, நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். பச்சைப் பழத்தை அப்படியே வைத்தால் சாறு இறங்கி அடிப்பாகம் சொதசொதவென்றாகிவிடும். சோமாசியின் பழைய தந்திரம் இங்கே உதவும்: வறுத்த ரவை ஒரு மேசைக் கரண்டி. மிச்ச ஈரத்தை அது குடித்துவிடும். பூரணம் நன்றாக ஆறிய பிறகே மாவில் வைக்க வேண்டும். சூடாக வைத்தால் வெண்ணெய் உருகிவிடும்.

மாவை அப்பளம்போல் இல்லாமல் பட்டூரே கனத்துக்குத் தேய்த்து, நான்கு அங்குல வட்டங்களாக வெட்டி, தாராளமாக ஒரு கரண்டி பூரணம் வைத்து, விளிம்பில் தண்ணீர் தடவி மடிக்கலாம். பிறகு சோமாசிக் கரண்டியின் சக்கரம் அல்லது சாஞ்சா. மேலே கத்தியால் ஒரு கீறல், ஆவி வெளியேற. பால் தடவி, 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். பொன்னிறம் வந்தால் போதும்.

அவன் இல்லாதவர்களும் உண்டு. கண்ணாடி வைத்த மூடியுடன் கூடிய வட்ட அலுமினிய மின் அடுப்பு ஒரு காலத்தில் தில்லி வீடுகளின் பெருமை. அது அடியைக் கருக்கும், தட்டுக்கு அடியில் ஒரு தாங்கி வைத்தால் சமாளிக்கலாம். கனமான வாணலியில் உப்பைப் பரப்பி, மூடி, சூடாக்கியும் சுடலாம். மாவும் நெய்யும் கொடுத்துப் பக்கத்து பேக்கரியில் பிஸ்கட் சுட்டு வாங்கும் பஞ்சாபி வழக்கம் இன்னும் உயிரோடிருக்கும் தெருவில் வசிப்பவர் பாக்கியசாலி. பொரிக்கத்தான் வேண்டும் என்றால் இந்த மாவு ஆகாது, எண்ணெயில் உதிர்ந்துவிடும். சோமாசி மாவுக்கே திரும்ப வேண்டும்.

கடையிலும் இதெல்லாம் கிடைக்காமலில்லை. 1926-ல் ஒரு சுவிஸ் தம்பதி தொடங்கிய வெங்கர்ஸ் பேக்கரி கன்னாட் பிளேசில்தான் இருக்கிறது. 2005 டிசம்பரில் வந்த மெட்ரோவில் கரோல் பாக்கிலிருந்து மூன்றாவது நிலையம். பிறகு வீட்டில் எதற்கு இந்தப் பாடு?

கரோல் பாக் இப்போது இருக்கும் நிலையைப் பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. பர்சாத்திகள் பல இடிந்து மாடிக் கட்டிடங்களாகிவிட்டன. குடியிருந்த வீடுகள் ஓட்டல்களாகவும் கிடங்குகளாகவும் மாறியிருக்கின்றன. ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் மயூர் விகார், துவாரகா, நொய்டா என்று கலைந்தன. புதிதாக வரும் தமிழர்கள் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். பயிற்சி மாணவர்கள். பழைய ராஜேந்தர் நகர்ப் பக்கம் ஒரு கட்டிலும் மேசையும் கொண்ட அறையில் தங்குகிறார்கள். அங்கே சமையலறை இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்ப, பக்கத்து வீடே இல்லை.

சோமாசியை யாரும் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. பக்கத்தில் நின்று, விளிம்பை மடித்துக் கொடுத்துக் கற்றார்கள். அதற்குச் சமையலறையும் அவசரமில்லாத ஒரு காலையும் இரண்டு தலைமுறைக் கைகளும் வேண்டும். தேங்காய்ப் பூரணத்தைத் தொடாத பேரனும் ஆப்பிள் என்றால் மேடையருகே வந்து நிற்கக்கூடும். அவன் கையில் சோமாசிக் கரண்டியைக் கொடுத்துவிட்டால், பாதி வெற்றி. முதல் நாலைந்து பிறைகள் கோணலாகத்தான் வரும். அவை முதலில் தீர்ந்துபோகும்.