ஸ்கிரீன்ஷாட் போதாது

குழுவில் வந்த பழைய வகுப்புப் போட்டோக்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். போட்டோவுக்கு அது போதாது. திரையில் தெரிகிற அளவுதான் பதியும். பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். அந்த வரிசையில் நிற்கிற சிலர் இன்று நம்மோடு இல்லை. ஸ்கேன் செய்த கோப்பையே கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது.

பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அதையும் லேப்டாப் பைக்குள்ளேயே வைக்கிறார்கள்! பை தொலைந்தால் இரண்டும் போச்சு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவே இல்லை.

நம் போட்டோக்களில் ஒரு பிரதி இங்கே நாகமலை புதுக்கோட்டை வீட்டில், இன்னொன்று சென்னையில் மகளிடம். வெளிநாட்டில் இருப்பவர்கள் யாராவது மூன்றாவதை வைத்துக்கொள்கிறீர்களா?