இரண்டரை மடங்கு

கலப்புப் பின்னப் பெருக்கல் சிறு வகுப்புப் பாடமாயிற்றே, பத்தாம் வகுப்பு மாணவி அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழியர் நகைக்கக் கூடும். எங்கள் வீட்டில் சோறு போடுவதே அந்தக் கணக்குத்தான்!

அம்மா முறுக்கு சுட்டு விற்கிறார்கள். நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் படி அரிசி நனையும். சென்ற தை மாதம் ஒரு கல்யாண வீட்டார் அதைப்போல் இரண்டரை மடங்கு கேட்டார்கள். அரிசி கூடினால் மாவு வீணாகும். குறைந்தாலோ கல்யாண வீட்டில் பேச்சுக் கேட்க வேண்டும். தங்கையின் புத்தகப் பணமும் போய்விடும்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கை நோட்டை எடுத்தாள். முழு எண்களைத் தனியே பெருக்கினாள்: 2 × 1 = 2. பின்னங்களைத் தனியே பெருக்கினாள்: ½ × ¾ = ⅜. "2⅜ படி" என்றாள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். ஆயினும், "ரெண்டு நாள் அரிசியே மூன்றரைப் படி ஆகுமே, ரெண்டரை நாளுக்கு எப்படிக் குறையும்?" என்று கேட்டார்கள். வாக்கியக் கணக்குக்கு இதைவிட நல்ல சரிபார்ப்பை நான் கண்டதில்லை.

நான் ஒரு செவ்வகம் வரைந்தேன். நீளம் 2½, அகலம் 1¾. முழு எண் முடியும் இடங்களில் கோடு போட்டால் நான்கு அறைகள் வரும்: 2, 1½, ½, ⅜. தங்கையின் விடையில் நடு இரண்டு அறைகளைக் காணோம். அவை மட்டுமே இரண்டு படி! நான்கையும் கூட்டினால் 4⅜. தகா பின்னமாக்கினாலும் 5/2 × 7/4 = 35/8, அதே விடைதான். அப்படி மாற்றிப் பெருக்கும்போது எந்த அறையும் விடுபட வழியில்லை.

"ஏட்டி, நாலே காலே அரைக்கால்!" என்று ஆச்சி திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார்கள். 1957ஆம் ஆண்டு நயா பைசா வருமுன் ரூபாய்க்கு 16 அணா. அரைக்கால் ரூபாய் என்றால் 2 அணா. அந்தக் கணக்கில் வளர்ந்தவர்களுக்குத் தாள் எதற்கு? இத்தனை அழகான பெயர்கள் இருக்க, நாம் "மூன்று பை எட்டு" என்று படிப்பானேன் என்பது என் கேள்வி.

அம்மா நாலு படி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு அளந்து ஊற வைத்தார்கள். முறுக்கு குறைவின்றிப் போய்ச் சேர்ந்தது. தங்கை அன்றிரவே வீட்டுப்பாடக் கணக்குகளைச் செவ்வகம் வரைந்து போட்டாள். ஒரு கணக்கில் அரிசிக்குப் பதில் துணி வந்தது. பேனாவைத் திறக்குமுன் அடுக்களைக்கு ஓடி, "இது சுமாரா எவ்வளவும்மா வரும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.