ரோட்டரைப் பிடித்து ஆட்டும் கை

விலைக்கு வந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் மெக்கானிக் பாய் தொடமாட்டார். "ஆறட்டும் தம்பி, டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சூடான இன்ஜின் நடிக்கும் என்பது அவர் கட்சி. பிஸ்டன் விரிந்து போரின் தேய்மானத்தை மறைத்துவிடுமாம்.

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால், இரண்டு வண்டி நின்றால் மூன்றாவதற்கு இடமில்லாத பட்டறை அவருடையது. என் நண்பர் வாங்க ஆசைப்பட்டது ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கே தயாரித்து விற்ற வண்டி: 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ஹை டார்க் 30.5 குதிரைத்திறன். பெட்ரோல் குடிக்கிறது என்ற புலம்பலுக்குப் பிறகு வந்த லோ டார்க் சுமார் 27. விற்பவர் தன்னுடையது ஹை டார்க் என்று சத்தியம் செய்திருந்தார். ஆர்.சி. புத்தகத்தில் 1987 என்று பார்த்ததும் பாய் சிரித்தார். "எல்லாருமே ஹை டார்க்குதான் விக்கிறாங்க. கம்பெனி லோ டார்க் எதுக்குச் செஞ்சான்னே தெரியல."

இன்ஜின் ஆறியதும் வேலை தொடங்கியது. ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் அழுத்தினார். பிறகு மற்றதைக் கழற்றி அழுத்தினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். வலது பக்கம் கொஞ்சம் இளகியிருந்தது. அடுத்து, பிளக் துவாரத்தில் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டு, பிஸ்டன் தலையில் நிறுத்தி, கிராங்க் முனையில் இருக்கும் ரோட்டரை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்தார். ரோட்டர் திரும்பியும் ஸ்போக் அசையாமல் நிற்கும் இடைவெளி எவ்வளவோ, கனெக்டிங் ராடு அவ்வளவு தேய்ந்திருக்கிறது. கடைசியாக ரோட்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். என் கையையும் வைக்கச் சொன்னார். விழப்போகும் பல்லைப் போல ஓர் ஆட்டம். கிராங்க் பேரிங் போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். தொடக்கத்தில் வரும் புகையை அவர் பொருட்படுத்தவில்லை. டூ ஸ்ட்ரோக் என்றால் புகை உண்டு. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கியர் ஆயில் வாடை அடித்தால் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை விட்டும் இன்ஜின் வேகம் இறங்க மறுத்தால் எதிர்ப்பக்க சீல் காற்றை இழுக்கிறது. புகையும் இல்லாமல் வாடையும் இல்லாமல் ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை போடுவது இந்த இரண்டாவதுதான்.

கிராங்க் வேலை பக்கத்துத் தெரு லேத்தில் நடக்கிறது. ஆர்.டி.யின் கிராங்க் தனித்தனித் துண்டுகளை அழுத்தத்தால் இறுக்கிச் சேர்த்தது; போல்ட் கிடையாது. பிரஸ்ஸில் பிரித்து, புது ராடும் பேரிங்கும் போட்டு, மறுபடி அழுத்துகிறார்கள். பிறகு வி பிளாக்கில் கிடத்தி, டயல் கேஜை ஒட்டிவைத்துச் சுழற்றுகிறார்கள். முள்ளின் ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இரண்டு, மூன்று கோட்டுக்குமேல் முள் ஆடினால் பித்தளைச் சுத்தியால் ஓர் அடி, மறுபடி சுழற்றல். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக என்பது அந்த லேத்காரருக்குத்தான் வெளிச்சம். அவருக்கு உதவியாக இளைஞர் யாரும் இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் உதிரிபாகம் கிடைக்குமா என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கவலையாகவே படுகிறது. இதன் மூல வண்டி 1973 முதல் உலகம் முழுக்க விற்றது. காசிருந்தால் பிஸ்டனும் சீலும் வெளிநாட்டிலிருந்து வந்துவிடும். அந்தச் சுத்தியடியை எங்கிருந்து வரவழைப்பது? இப்படி ஒரு லேத் எட்டும் தூரத்தில் இல்லாதவர் இந்த வண்டிப் பக்கமே போகக் கூடாது என்பேன்.

வேறு வில்லங்கங்களும் உண்டு. சோழவரம் ரேஸில் கலக்கிய ரகம் இது. வேகத்துக்காக யாரோ எப்போதோ குடைந்த பிளாக்கும் கைமாறிக் கைமாறி வரும். ஜப்பான்காரனின் ஆர்.டி.க்கு முன்னால் டிஸ்க் பிரேக். இங்கே வந்ததற்கு டிரம்தான். அந்த வேகத்துக்கு அது போதாது. காகித வேலை தனி. கழுத்தில் கொத்திய சேசிஸ் எண்ணைப் பெயின்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்களா, கையால் எழுதிய அந்தப் பழைய புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை.

வாங்கு என்றும் வேண்டாம் என்றும் பாய் சொல்லவில்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கிராங்க், போர், இரண்டு பிஸ்டன், சீல், கிளட்ச் பிளேட் என்று எழுதிக் கூட்டினார். "இதைக் கழிச்சுக் கேளுங்க தம்பி." நண்பர் அங்கிருந்தே போன் போட்டார். எதிர்முனையில் குரல் உயர்ந்தது: இன்ஜினைப் பிரிக்காமலே கிராங்க் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? நண்பர் போனைப் பாயிடம் நீட்டினார்.

"சார், இடது பக்கம் கவரைக் கழட்டி வெச்சிருக்கேன்," என்றார் பாய். "நீங்களே வந்து ரோட்டரைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க. அப்புறம் விலையைச் சொல்லுங்க."